இயந்திரத்துக்கு முன்னால் நடந்தவள்

ஹொவீத்தாவைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். நான் சொன்னதில்லை. பழைய சிவப்புப் பாவாடையை விளக்குமாற்றுக் கம்பில் கட்டிக்கொண்டு, வீடு உயரத்துக்கு நிற்கிற புல்டோசருக்கு முன்னால் விடியற்காலையில் நடந்து போகிற பெண்ணை ஊர் வேறு என்னவென்று சொல்லும்? ஆனால் அவள் ஏன் நடந்தாள், பிறகு ஏன் நடக்காமல் நின்றாள், நடக்காத நாட்களில் என்ன ஆயிற்று என்பதை யாராவது சொல்ல வேண்டும். கம்பெனிக்காரர்கள் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதை அவர்கள் பலகையில் எழுதி மாட்டிக்கொள்ளட்டும். நான் கண்ணால் பார்த்தது இது.

எங்கள் குப்பைமேடு ஊருக்குத் தெற்கே, எரிமலையைப் பார்த்த ஓடைப்பள்ளத்தில் இருக்கிறது. எனக்குக் கல்யாணமான வருஷம் அது பள்ளம். இப்போது மேலே ஏறி நின்றால் மாதா கோயிலின் மணிக்கூண்டு நம் கால்மட்டத்தில் தெரியும். ஊர் தின்றது, உடுத்தியது, உடைத்தது எல்லாம் அங்கேதான் வந்து விழும். அட்டை, பிளாஸ்டிக், செம்புக் கம்பி, அலுமினிய டப்பா என்று கிளறிப் பொறுக்கி, சாக்கில் கட்டி, எடை போடுகிறவனிடம் கொடுத்துத்தான் நாங்கள் பிள்ளை வளர்த்தோம். ஆளுக்கு ஒரு கொக்கி. இடுப்பு உயர இரும்புக் கம்பி, ஒரு முனை வளைந்திருக்கும், மறுமுனையில் கை வழுக்காமலிருக்கத் துணி சுற்றியிருக்கும். ஒருத்தியின் கொக்கியை இன்னொருத்தி தொடமாட்டாள்.

லாரிகளில் ஓட்டல் லாரிதான் ராஜா. அது விடிவதற்கு முன்பே வந்துவிடும். கொட்டுகிற நேரத்தில் யார் பக்கத்தில் நிற்கிறாளோ அவளுக்குத்தான் நல்லது கிடைக்கும். அதனால் இருட்டோடு போய்க் காத்திருப்போம். டிசம்பரில் எங்கள் ஊரில் வாளித் தண்ணீர் கண்ணாடியாக உறைந்து போகும். தகரக் கூரைக்குக் கீழேயும் அதே குளிர்தான். ஆனால் குப்பைக்குள் குளிர் கிடையாது. எது அழுகினாலும் அதற்குள் ஒரு சூடு உண்டு. மேட்டில் கொக்கியால் ஒரு குழி பறித்து, உள்ளே உட்கார்ந்து, தலைக்கு மேல் ஒரு பெரிய அட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டால் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அந்த ஆவியில் என்ன இருக்குமோ, தலை கனக்கும், கண் சொருகும். லாரி வரும்வரைக்கும் என்று உட்கார்ந்தவள் லாரி வந்ததுகூடத் தெரியாமல் தூங்கிப்போவாள். வெளியிலிருந்து பார்த்தால் குப்பைமேல் ஒரு அட்டை கிடக்கிறது, அவ்வளவுதான். குப்பைமேட்டில் அட்டைக்கா பஞ்சம்?

ஹொவீத்தாவின் புருஷன் மகாரியோ அப்படித்தான் போனான். நல்ல உழைப்பாளி, வாய் செத்தவன். அன்றைக்குக் காய்ச்சல் என்று குழிக்குள் சுருண்டவன் எழுந்திருக்கவில்லை. டோசர் வந்து குப்பையைத் தள்ளிப் பரப்பியது. ஓட்டிய சில்வானோ கல்யாணம் காட்சி என்று எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன்தான். அட்டையைத்தான் பார்த்தான், ஆளைப் பார்க்கவில்லை. மகாரியோவை வெளியே எடுத்தபோது சில்வானோ மண்டியிட்டு வாந்தி எடுத்தான்.

செத்தவர்களுக்காக எங்கள் பக்கம் ஒன்பது நாள் ஜெபம் சொல்வோம். அந்த ஒன்பது நாளும் சில்வானோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஹொவீத்தாவின் வாசலுக்கு வெளியே நின்றான். உள்ளே வரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. போ என்று சொல்லவும் வரவில்லை. ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் ஹொவீத்தா எழுந்து போய் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். உட்கார வைத்து, வெந்த பீன்ஸும் சோள ரொட்டியும் அவன் முன்னால் வைத்தாள். அவன் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தின்னு," என்றாள். "தின்னுட்டு நான் சொல்றதக் கேளு. நாளையிலிருந்து நான் மேட்டுல முழுசா நடந்து பாத்துட்டு, மேல ஏறி இந்தத் துணியத் தூக்கிக் காட்டுவேன். அது வரைக்கும் உன் வண்டி ஒரு சாண்கூட நகரக் கூடாது."

"நகராது டோன்யா ஹொவீத்தா," என்றான் சில்வானோ, பெரியவர்களைக் கூப்பிடுகிற மரியாதையோடு.

"பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணு."

பண்ணினான். நான் அங்கேதான் சோளக்கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அவள் நடந்தாள். சும்மா பார்த்துக்கொண்டு போகிற நடை இல்லை. கம்பால் ஒவ்வொரு அட்டையையும் குத்துவாள், ஒவ்வொரு மெத்தைத் துண்டையும் புரட்டுவாள். "எழுந்திருடி, எழுந்திரு, சாகறதுக்கு வேற இடமா இல்ல?" என்று கத்திக்கொண்டே போவாள். குழிக்குள் இருக்கிறவர்கள் கொக்கியைப் பக்கத்தில் செங்குத்தாக நட்டுவைக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் போட்டாள். கொக்கி நிற்கிற இடத்தில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். எல்லாரையும் எழுப்பிக் கிளப்பிவிட்டு, மேலே ஏறி நின்று சிவப்புத் துணியைத் தூக்குவாள். அப்புறம்தான் சில்வானோ வண்டியைக் கிளப்புவான். வண்டி கிளம்பிய பிறகும் அவளுக்கு மனசு ஆறாது, அதன் முன்னாலேயே கொஞ்ச தூரம் நடப்பாள்.

இதற்கெல்லாம் கேலி பேச ஒருத்தி இருந்தாள். பேர் கிரெசென்சியா. அவ்வளவு நீளமாக யார் கூப்பிடுவது, சென்ச்சா என்போம். ஆள் நல்ல கனம், சிரித்தால் மேடே ஆடும். அவளும் மகள் ஒத்தீலியாவும்தான் வீட்டில். சென்ச்சாவின் கொக்கிப் பிடியில் நீல மின்கம்பி சுற்றியிருக்கும், எட்டத்திலிருந்தே தெரியும்.

"அடியே ஹொவீத்தா, சிவப்புத் துணியோட கிளம்பிட்டியே, காளைச் சண்டைக்கா?" என்பாள் குழிக்குள்ளிருந்தே.

"ஆமா. உன் மாதிரி கொழுத்த காளையாப் பாத்துக் குத்தப் போறேன். வெளிய வா."

"கொஞ்சம் இருடி, இப்பத்தான் இடுப்பு சூடாச்சு."

"இடுப்பு சூடாகும். அப்புறம் இடுப்பே இருக்காது. எழுந்திரு!"

வாயில்தான் சண்டை. ஹொவீத்தாவின் கம்பு தன்னைத் தொடுகிறவரைக்கும் சென்ச்சா நிம்மதியாகத் தூங்குவாள். "எனக்கு அலாரம் வாங்கற செலவு மிச்சம்," என்று எல்லாரிடமும் சொல்வாள்.

இப்படியே பல வருஷம். அந்த வருஷங்களில் மேட்டில் கை அறுந்தது, ஊசி குத்தியது, புகையில் கண் போனது எல்லாம் உண்டு. ஆனால் டோசரின் கீழே ஒருவரும் போகவில்லை. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் நான் சொல்கிறேன்.

அப்புறம் நகராட்சி குப்பைமேட்டை ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. கம்பெனி பெரால்த்தா என்று ஒரு இளவயது இஞ்சினியரை அனுப்பியது. கெட்ட பையன் இல்லை. பேசும்போது முகம் பார்த்துப் பேசுவான், வயசானவர்களுக்கு எழுந்து நிற்பான். பந்தல் போட்டு எங்களைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு ஹெல்மெட், மஞ்சள் மேல்சட்டை, கையுறை, பூட்ஸ் கொடுத்தான். பாதுகாப்பு பாதுகாப்பு என்று பேசினான். பேச்சு முடிந்ததும் ரொட்டியும் குளிர்பானமும் உண்டு என்றதால் எல்லாரும் பொறுமையாகக் கேட்டோம்.

சென்ச்சா ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்தாள். "ஏற்கெனவே ஒரு மண்டை இருக்கே, அதுக்கு மேல இன்னொரு மண்டையா?" என்றாள். பூட்ஸ் எல்லாம் ஒரே அளவு. "இதுல ரெண்டு பேர் குடியிருக்கலாம். ஒத்தீலியா, நீ வலது கால்ல இருந்துக்க, நான் இடது கால்ல." ஆனால் பூட்ஸை மட்டும் அவள் விடவில்லை. உள்ளே துணி அடைத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணாடி குத்தாது, அது நிஜம்தான். கையுறையோ, போட்டால் விரலுக்கு எதுவும் தெரியவில்லை, எது எந்தப் பிளாஸ்டிக் என்று தடவிப் பார்க்க முடியவில்லை என்று நாங்கள் அதன் விரல் நுனிகளை வெட்டிவிட்டோம். இஞ்சினியர் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

சுற்றிலும் வேலி போட்டார்கள். கேட் வைத்தார்கள். ஏழு மணிக்கு முன் யாரும் உள்ளே வரக் கூடாது. ஏழு மணிக்குள் லாரிகள் கொட்டிவிடும், டோசர் பரப்பிவிடும், அதற்குப் பிறகு நாங்கள் வந்து பொறுக்கிக்கொள்ளலாம். ஆளும் இயந்திரமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டோசர் ஏறி மிதித்த பிறகு ஓட்டல் லாரிக் குப்பையில் என்ன மிஞ்சும்? எனவே வேலியில் ஒரு ஓட்டை விழுந்தது. யார் போட்டார்கள் என்று கேட்டால் நான் சொல்லமாட்டேன்.

கேட்டுப் பக்கத்தில் ஒரு பெரிய பலகை மாட்டினார்கள். விபத்து இல்லாமல் கழிந்த நாட்களின் கணக்காம். தினமும் காலையில் ஒரு எண்ணைக் கழற்றி அடுத்த எண்ணை மாட்ட வேண்டும். அதை மாட்டுகிற வேலை யாருக்குக் கிடைத்தது தெரியுமா? நாபோருக்கு. ஹொவீத்தாவின் மகன். ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தியவள் நான், அதனால்தான் அவளும் நானும் ஒருத்தியை ஒருத்தி கொமாத்ரே என்று கூப்பிடுவோம், உடன்பிறந்தாளைவிட ஒரு படி மேல். கம்பெனி நாபோரைக் கேட் காவலுக்கு எடுத்துக்கொண்டது. சீருடை, ஹெல்மெட், விசில். எல்லாவற்றையும்விட ஒரு ஆஸ்பத்திரி அட்டை. அவன் சின்ன மகளுக்கு மூச்சிரைப்பு. புகை அதிகமான நாட்களில் குழந்தையின் உதடு நீலமாகிவிடும். அந்த அட்டை வந்த பிறகுதான் அவளுக்கு ஒழுங்கான மருந்து, மூக்கில் வைக்கிற குழாய் எல்லாம் கிடைத்தது.

இஞ்சினியர் ஹொவீத்தாவையும் கூப்பிட்டான்.

"அம்மா, இனிமே நீங்க டோசருக்கு முன்னாடி நடக்கக் கூடாது. இந்த இடத்துலயே பெரிய ஆபத்து அதுதான்."

"நான் நடக்கறது ஆளு இருக்காங்களான்னு பாக்க."

"ஆளே இருக்கமாட்டாங்க. அதுக்குத்தானே வேலி."

"இஞ்சினியரே, அந்த வேலியில சென்ச்சா நுழையற அளவுக்கு ஓட்டை இருக்கு. சென்ச்சாவப் பாத்திருக்கீங்கல்ல?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "ஓட்டையை அடைக்கச் சொல்றேன்," என்றான். அடைத்தார்கள். பக்கத்தில் இன்னொன்று விழுந்தது.

மறுநாள் காலை ஹொவீத்தாவைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். சிவப்புத் துணி மேட்டில் ஏறவில்லை. சில்வானோ வண்டியில் ஏறி உட்கார்ந்தான், கிளப்பவில்லை. இஞ்சினியர் வந்து கத்தினான். சில்வானோ, "துணி தெரியல," என்றான். லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. அடுத்த நாளும் அப்படியே.

அன்று சாயங்காலம் நாபோர் அம்மாவைத் தேடி வந்தான். நான் அவள் அடுப்படியில் சப்பாத்திக்கள்ளியின் முள்ளைச் சீவிக்கொண்டிருந்தேன். பையன் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"அம்மா, நாளைக்கும் வண்டி நின்னா சில்வானோவ வீட்டுக்கு அனுப்பிருவாங்களாம். கூடவே என்னையும்."

"உன்ன எதுக்கு?"

"நீ என் அம்மாங்கறதுக்கு."

ஹொவீத்தா அடுப்பை ஊதினாள். நன்றாக எரிகிற அடுப்பை எதற்கு ஊதுகிறாள் என்று நான் பார்த்தேன்.

"குழந்தை எப்படி இருக்கு?" என்றாள்.

"நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினா. புது மருந்து." ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு, "உனக்குப் பதிலா நான் நடக்கறேம்மா," என்றான். "டார்ச் இருக்கு, விசில் இருக்கு. மேடு முழுக்க நான் பாத்துட்டு வந்து உங்கிட்டச் சொல்றேன். நீ வேலிக்கு வெளிய நின்னு துணியத் தூக்கு. சில்வானோவுக்கு அது போதும். இஞ்சினியரும் சரின்னுட்டார்."

"குத்திப் பாக்கணும்டா. கண்ணால பாத்தா தெரியாது."

"குத்திப் பாக்கறேன்."

"ஒவ்வொரு அட்டையும்."

"ஒவ்வொரு அட்டையும்மா. நானும் இதே மேட்டுல வளந்தவன்தானே?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீ என்னடி சொல்ற கொமாத்ரே?"

எனக்கு அது பிடிக்கவில்லை. நடக்கிறவள்தான் துணியைத் தூக்க வேண்டும் என்று நினைத்தேன், அப்படியே சொன்னேன். நாபோர், "குழந்தைக்கு மருந்து நீங்க வாங்கித் தருவீங்களா ஞானம்மா?" என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் முள்ளைச் சீவப் போய்விட்டேன்.

அப்படியே ஏற்பாடாயிற்று. விடியற்காலையில் நாபோர் மேட்டில் நடப்பான். ஹொவீத்தா வேலிக்கு வெளியே ஒரு கல்மேல் ஏறி நிற்பாள். அவன் வந்து தலையாட்டியதும் துணியைத் தூக்குவாள். சில்வானோ எட்டத்திலிருந்து சிவப்பைப் பார்த்துக் கிளப்புவான். அவனுக்கு அந்தத் துணி என்றால் ஹொவீத்தா. ஹொவீத்தா நடந்துவிட்டாள் என்றால் மேட்டில் ஆள் இல்லை. இத்தனை வருஷப் பழக்கம்.

ஆனால் உள்ளே நடந்தது வேறு. அதைச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் ஓட்டை வழியாகப் போனவள்தான். ஹொவீத்தா கம்பால் குத்தினால் நாங்கள் திட்டிக்கொண்டே எழுந்திருப்போம். அவள் எங்களில் ஒருத்தி. நாபோர் யார்? நல்ல பையன், என் கையில் வளர்ந்தவன். ஆனால் தலையில் ஹெல்மெட், வாயில் விசில். ஏழு மணிக்கு முன் உள்ளே இருக்கிறவர்களைப் பிடித்தால் பேரை எழுதிக் கேட்டில் கொடுக்க வேண்டும், அவர்களை ஒரு வாரம் உள்ளே விடமாட்டார்கள். அது அவன் வேலை. ஆகவே விசில் சத்தம் கேட்டால் எல்லாரும் அட்டையை இறுக்கி இழுத்துக்கொண்டு மூச்சடக்கிக் கிடந்தோம். கொக்கி நட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் என்று அதையும் குழிக்குள் இழுத்து வைத்துக்கொண்டோம். டார்ச் வெளிச்சம் தாண்டிப் போகும். டோசர் கிளம்பும்போது இருமுகிற சத்தம் கேட்டதும் எழுந்து ஓடி லாரிப் பக்கம் போய்விடுவோம். அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு.

நாபோர் குத்திப் பார்த்தானா? பார்த்தான். வழியோரத்தில் இருந்ததை எல்லாம் குத்தினான். ஆனால் எந்த அட்டைக்குக் கீழே ஆள் இருக்கும் என்று அவனுக்கு உள்ளுக்குள் தெரியும், அதையும் சொல்கிறேன். எங்களைப் பிடித்துக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. அந்தப் பக்கம் டார்ச்சைத் திருப்பாமல் போவான். சத்தம் கேட்டால் ஓடிவிடுவார்கள் என்று நினைத்திருப்பான். நாங்களும் அவன் நல்லவன் என்றுதான் பேசிக்கொண்டோம்.

அந்த ஜனவரிக் காலையில் பனி குப்பைமேல் உப்புத் தூவிய மாதிரி கிடந்தது. சென்ச்சா எனக்குக் கொஞ்சம் மேலே குழி பறித்தாள். முந்தின நாள் முழுக்க இருமியிருந்தாள்.

"லாரி வந்தா எழுப்புடி," என்றாள்.

"உன்ன எழுப்ப ஹொவீத்தா கம்பு வேணும்," என்றேன்.

"அவளுக்கென்ன, இப்ப அவ வெளிய நிக்கற அதிகாரி." சிரித்துக்கொண்டே அட்டையை இழுத்துக்கொண்டாள்.

விசில் வந்தது, டார்ச் வந்தது, தாண்டிப் போனது. வேலிக்கு வெளியே ஹொவீத்தா மகனிடம் கேட்டாளாம், தினமும் கேட்கிறதுதான், "எல்லாத்தையும் குத்திப் பாத்தியா?" அவன், "பாத்தேம்மா," என்றானாம். அவள் அவன் முகத்தைப் பார்த்தாளாம். அரையிருட்டு. என்ன தெரியும்? துணியைத் தூக்கினாள்.

டோசர் இருமியது. நாங்கள் எழுந்து ஓடினோம். ஓடும்போது நான் திரும்பிப் பார்த்தேன், சென்ச்சாவின் அட்டை அசையவில்லை. "சென்ச்சா! சென்ச்சா!" என்று கத்தினேன். இயந்திரச் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கையில் இருந்த கொக்கியை வண்டியை நோக்கி வீசினேன், அது எட்டவில்லை. டோசர் வந்தது, தள்ளியது, பரப்பியது. பின்வாங்கி மறுபடி வந்தபோதுதான் முன்தகட்டின் விளிம்பில் ஒரு பூட்ஸ் மாட்டித் தொங்குவதை சில்வானோ பார்த்தான். கம்பெனி கொடுத்த பூட்ஸ், உள்ளே துணி அடைத்தது.

வண்டி நின்றது. சில்வானோ இறங்கவில்லை. தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டு மேலேயே உட்கார்ந்திருந்தான். வெளியே ஹொவீத்தா துணியைத் தூக்கிய கையை இறக்காமல் அப்படியே நின்றாள். நாபோர்தான் ஓடி வந்து வெறுங்கையால் தோண்டினான். நாங்கள் எல்லாரும் தோண்டினோம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

போலீஸ் வந்தது. இஞ்சினியர் வெளுத்துப்போய் நின்றான். ஊரிலிருந்து பெரிய கம்பெனிக்காரர்கள் காரில் வந்து அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அத்துமீறி நுழைந்த ஆள், கம்பெனி வேலையாள் இல்லை, ஆகவே கம்பெனியில் விபத்து எதுவும் நடக்கவில்லை. அப்படித்தான் முடிவாயிற்று.

மறுநாள் காலை இஞ்சினியர் நாபோரிடம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, "பலகையில அடுத்த எண்ணை மாட்டிரு," என்றான்.

"அடுத்த எண்ணா?"

"அது... கணக்குல வராதாம்."

நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்கு எண் படிக்கத் தெரியாது. ஆனால் வட்டமாக இருப்பது பூஜ்ஜியம் என்று தெரியும். நாபோர் பலகையில் இருந்த எண்களை எல்லாம் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, அந்த வட்டத்தை மட்டும் மாட்டினான். ஹெல்மெட்டைக் கழற்றிப் பலகைக்குக் கீழே வைத்தான். விசிலை அதற்குள் போட்டான். ஆஸ்பத்திரி அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தான், மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டான். அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான். சாயங்காலத்துக்குள் வேறொரு காவல்காரன் வந்துவிட்டான். எண்ணும் மாறிவிட்டது என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரி அட்டை மாசக் கடைசி வரைக்கும் செல்லுமாம்.

சென்ச்சாவுக்கு ஒன்பது நாள் ஜெபம். முதல் நாளிலிருந்தே ஹொவீத்தா ஒத்தீலியாவின் வாசலுக்கு வெளியே நின்றாள். தலையில் கறுப்புத் துணி, கையில் எதுவும் இல்லை. உள்ளே நாங்கள் மன்றாட்டுச் சொல்லும்போது வெளியே அவள் குரல் சன்னமாகச் சேர்ந்து கேட்கும். சில்வானோ வரவில்லை, படுத்த படுக்கையாகக் கிடந்தான். ஒன்பதாம் நாள் கடைசி மெழுகுவத்தியை அணைத்ததும் எல்லாரும் ஒத்தீலியாவைப் பார்த்தோம்.

நான் அவள் பக்கத்தில் போய், "வெளிய நிக்கறா, குழந்தே," என்றேன்.

"தெரியும்."

"உங்க அம்மாவ எத்தனை வருஷம் எழுப்பிவிட்டிருக்கா தெரியுமா?"

"அன்னிக்கு எழுப்பலையே," என்றாள் ஒத்தீலியா. எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நான் தடுக்கப் போகவில்லை. அவள் அம்மா அவளுடையவள்.

மறுநாள் விடியற்காலையில் ஹொவீத்தா சிவப்புத் துணியைக் கம்பில் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். புதுக் காவல்காரன் குறுக்கே நின்றான். "தள்ளுடா," என்றாள். தள்ளி நின்றுவிட்டான், வயசுப் பையன். இனி அவளை எதைச் சொல்லி நிறுத்துவது? அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ள அவர்களுக்கு எதுவும் மிச்சமில்லை. சில்வானோ அன்றுதான் திரும்பி வந்திருந்தான், வண்டிமேல் உட்கார்ந்திருந்தான். இஞ்சினியர் ஜீப்பில் இருந்து இறங்கியவன், அவள் மேடேறுவதைப் பார்த்தான். மறுபடி ஜீப்புக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவள் நடந்தாள். பழையபடி கத்தவில்லை. கம்பால் மெதுவாகத் தொட்டுக்கொண்டே போனாள். நாங்கள் ஒவ்வொருவராக எழுந்தோம், யாரும் கேலி பேசவில்லை. மேலே போகப் போக, சென்ச்சா கடைசியாகக் குழி பறித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டை. அதன் ஓரத்தில் ஒரு கொக்கி படுத்துக் கிடந்தது. பிடியில் நீல மின்கம்பி.

ஹொவீத்தா நின்றாள். கம்பால் அட்டையைத் தொட்டாள். அசையவில்லை. இன்னொரு முறை தொட்டாள்.

"ஒத்தீலியா," என்றாள்.

பதில் இல்லை. உள்ளிருந்து ஆவி மட்டும் கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஹொவீத்தாவுக்கும் தெரியும். அட்டையைப் பிடித்துத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. அந்த அட்டைக்குப் பக்கத்தில், பனிமேல், கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். துணியைத் தூக்கவில்லை.

ஓட்டல் லாரி வந்து கொட்டிவிட்டுப் போயிற்று. சந்தை லாரி வந்தது. அதற்குப் பின்னால் இன்னும் லாரிகள் வந்து ஒலி எழுப்பின. சில்வானோ வண்டியை அணைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டான். எரிமலைக்குப் பின்னாலிருந்து வெயில் வந்து குப்பைமேல் இருந்த பனியெல்லாம் உருகி ஈரமாயிற்று. ஹொவீத்தா கம்பை இரண்டு கையாலும் பிடித்து அதன்மேல் சாய்ந்துகொண்டாள், கீழிருந்து பார்த்தேன். எனக்கு மேலே போய் அவளைப் பிடித்துக்கொள்ள ஆசை. போகவில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த விஷயம்.

கடைசியில் அட்டை அசைந்தது. ஒத்தீலியா எழுந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஹொவீத்தாவைப் பார்க்கவில்லை. கொக்கியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்விட்டாள். ஹொவீத்தா மேலே ஏறித் துணியைத் தூக்கினாள். டோசர் இருமியது.

ஒத்தீலியா இன்றுவரை அவளிடம் பேசியதில்லை. வழியில் பார்த்தால் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போவாள். நாபோர் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்விட்டான். குழந்தைக்குப் புகைக் காலத்தில் மறுபடி உதடு நீலமாகிறது. ஹொவீத்தாவுக்கும் இப்போது மூச்சு வாங்குகிறது, பாதி மேட்டில் நின்று நின்றுதான் ஏறுகிறாள்.

ஹொவீத்தா அந்த அட்டைக்குப் பக்கத்தில் நின்றதற்கு மறுநாளும் நான் போனேன். இருட்டில் மேலே பார்த்தேன். அதே இடத்தில் ஒரு அட்டை. அதன் பக்கத்தில், நீலக் கம்பி சுற்றிய அந்தக் கொக்கி, செங்குத்தாக நட்டிருந்தது.